விட்ட இடம்

பத்திரத்தில் ஒரு நிலத்தை எழுதுவதற்கு முன்னால், மனசுக்குள் அந்த நிலத்தின் நடுவில் போய் நிற்க வேண்டும். அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. "வாய்க்காலுக்குத் தெற்கு, பாதைக்கு மேற்கு" என்று எழுதினால், வாய்க்கால் நிலத்துக்கு வடக்கே ஓடுகிறது, பாதை கிழக்கே போகிறது என்று அர்த்தம். தாளில் வருகிற திசை ஒன்று, நிலத்தில் நின்றால் தெரிகிற திசை இன்னொன்று. நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் நான்கு எல்லையையும் எழுதினால் ஏதாவது ஒன்று புரண்டுவிடும்.

நான் பத்திர எழுத்தர். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில் ஓர் ஊர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக இருக்கும் கடைகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மேஜையில் உட்கார்ந்து எழுதினார். அவருக்குக் கண் மங்கியதும் நான் உட்கார்ந்தேன். அவர் கையால் முத்திரைத்தாளில் எழுதியதை நான் கணினியில் அடிக்கிறேன். வேலை அதேதான். யார், யாருக்கு, எந்த நிலத்தை, எவ்வளவுக்கு என்பதை ஐம்பது வருஷம் கழித்து வாசிக்கிறவருக்கும் சந்தேகம் வராதபடி எழுதி வைக்க வேண்டும். சொத்தை அடையாளம் காணுகிற அளவுக்கு விவரம் இல்லாத பத்திரத்தைப் பதிவுக்கே ஏற்கக்கூடாது என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. எங்கள் தொழிலின் உயிர் அந்தச் சொத்து விவரத்தில்தான் இருக்கிறது.

அந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். நாலு வருஷம் ஆகிறது. ஆவணி மாதம், நல்ல முகூர்த்த நாள். கடையில் எட்டுப் பேர் நின்றார்கள். பீடி சுற்றுகிற ஓர் அக்கா, சங்கத்தில் கடன் வாங்கி, கழுத்தில் கிடந்ததை விற்று, 13 சென்ட் நிலம் வாங்கினார். விற்கிற பெரியவர் கொண்டுவந்த தாய்ப்பத்திரத்தில், அதாவது நிலம் அவர் கைக்கு வந்த பழைய பத்திரத்தில், இரண்டு அயிட்டம் இருந்தது. ஒரே சர்வே எண், உட்பிரிவு மட்டும் வேறு. முதல் அயிட்டம் 4ஏ, இரண்டாவது 4பி. அக்கா வாங்கியது இரண்டாவது.

நான் சர்வே எண்ணை அடித்துக்கொண்டிருந்தேன். 4 வரைக்கும் வந்துவிட்டேன். செல்போன் அடித்தது. "இன்னைக்கு ஆபீஸ் உண்டா தாயி?" என்று யாரோ கேட்டார்கள். "உண்டு, வாங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டுத் தாய்ப்பத்திரத்தைப் பார்த்தேன். கண் மேல் வரியில் போய் விழுந்திருக்கிறது. 'ஏ' என்று அடித்தேன். அதற்குப் பிறகு பரப்பும் நான்கு எல்லையும் இரண்டாவது அயிட்டத்திலிருந்து ஒழுங்காக இறங்கின. இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. இரண்டு உட்பிரிவும் பெரியவர் பெயரிலேயே இருந்ததால் பதிவிலும் யாருக்கும் உறுத்தவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, வீடு கட்ட வங்கிக் கடனுக்காக அக்கா பத்திரத்தைக் கொடுத்தபோது வக்கீல் கண்டுபிடித்தார். எண் ஒன்று, பரப்பும் எல்லையும் இன்னொன்று. அதற்குள் பெரியவர் இறந்துபோயிருந்தார். அவர் இருந்திருந்தால் அரை நாளில் ஒரு பிழைதிருத்தல் பத்திரம் போட்டு முடித்திருக்கலாம். இப்போது வாரிசுகள் எல்லாரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மகன் மும்பையில், ஒரு மகள் திருப்பூரில், இன்னொரு மகன் உள்ளூரில். வாரிசுச் சான்று வாங்கி, மூன்று பேரையும் ஒரே நாளில் சேர்த்து முடிப்பதற்குள் ஐந்து மாதம் ஓடிப்போனது. செலவு முழுக்க நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அக்கா போட்டிருந்த அஸ்திவாரத்துக்குள் ஆவாரஞ்செடி முளைத்து ஆள் உயரத்துக்கு நின்றதே, அதற்கு நான் என்ன கொடுக்க முடியும்?

அவர் என்னைத் திட்டவில்லை. நடந்ததை நான் ஒளிக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது.

"நாங்க பீடி சுத்தும்போது ஊர்க்கதை பூராம் பேசுவோம். டிவி பாட்டுக்கு ஓடும், கை பாட்டுக்கு ஓடும். ஆனா கட்டு கட்ட எண்ணும்போது ஒருத்தி வாயத் தெறக்க மாட்டோம். எண்ணிக்கை தப்பிச்சுன்னா அந்தச் சொளவையே மறுபடியும் கொட்டி எண்ணணும். நீங்க எண்ணும்போது பேசிட்டியளோ தாயி?"

ஆமாம். எண்ணும்போது பேசிவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். மனசு ஆறுவதற்காக இல்லை. இரண்டே வார்த்தை பேசியதற்கு எப்படி இவ்வளவு பெரிய தப்பு நடந்தது என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அரை மணி நேரம் எழுந்து போய்விட்டு வந்திருந்தால் சரி என்று விட்டிருப்பேன். மூன்று நொடிப் பேச்சு அது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆல்ட்மேன் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. 300 பேரை உட்கார வைத்து, வரிசை தவறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கணினியில் கொடுத்திருக்கிறார்கள். இடையிடையே சின்னக் குறுக்கீடு. சராசரியாக 2.8 நொடி, அவ்வளவுதான். அதற்கே வரிசை தவறுவது இரண்டு மடங்கானது. 4.4 நொடி என்று நீட்டியபோது மூன்று மடங்கானது. இதை வாசித்தபோது நான் அந்த ஆவணி மாத மேஜைக்கே போய்விட்டேன். "உண்டு, வாங்க" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

இந்த ஆய்வில் என்னைத் தைத்தது ஒன்று உண்டு. குறுக்கீட்டுக்குப் பிறகு ஆட்கள் வேலையை மறந்துவிடவில்லை. திரும்பி வந்தார்கள், செய்தார்கள். ஆனால் விட்ட இடத்துக்கு வராமல், ஒரு படி முன்னேயோ பின்னேயோ வந்தார்கள். எனக்கு நடந்ததும் அதேதான். மேல் வரியைப் பார்த்தபோது எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. நிலத்தின் நடுவிலிருந்து என்னை ஒருவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார், நான் திரும்ப உள்ளே போனேன், பக்கத்து வயலில் போய் நின்றேன். இரண்டு வயலும் ஒரே பச்சை.

நேரம் வீணாகிறது என்றுதான் எல்லாரும் குறுக்கீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். நேரத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் 2008-இல் செய்த ஆய்வில், இடையூறு செய்யப்பட்டவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள். விட்டதைப் பிடிக்க விரட்டி அடித்திருக்கிறார்கள். ஆனால் அழுத்தம், எரிச்சல், நேரம் போதவில்லை என்கிற பதற்றம் எல்லாம் கூடிப்போனது. முகூர்த்த நாளில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்தும்போது என் நிலை அதுதான். பத்திரம் ஒன்பது முடிந்திருக்கும். வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடிக்கும்போது பிள்ளை ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். வேலை நடந்த அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் அது நல்ல நாள்.

சரி, அப்பாவுக்கு எப்படி இது நடக்கவில்லை? அவருக்கும் கூட்டம் இருந்தது. அப்போது செல்போன் கிடையாதுதான். ஆனால் தெருவில் நின்றே "அண்ணாச்சி!" என்று கூப்பிடுகிறவர்கள், டீ கொண்டுவரும் பையன், பங்கு பிரிக்க வந்து மேஜைக்கு முன்னாலேயே சண்டை போடும் அண்ணன் தம்பி எல்லாரும் இருந்தார்கள்.

அப்பாவிடம் கறுத்துப்போன ஒரு ரூல்தடி இருந்தது. தாய்ப்பத்திரத்தை விரித்ததும், வாசிக்கிற வரிக்குக் கீழே அதை வைத்துவிடுவார். வரி முடிந்தால் ஒரு வரி நகர்த்துவார். யாராவது கூப்பிட்டால் தலையைத் தூக்க மாட்டார், இடது கையை மட்டும் தூக்குவார். எழுதிக்கொண்டிருக்கிற வரியின் கடைசிச் சொல் வரை போய், பேனாவை ரூல்தடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் "சொல்லுங்க அண்ணாச்சி" என்பார். எத்தனை நேரம் பேசினாலும் ரூல்தடி நகராது. திரும்பி வந்தால் எழுதி முடித்த கடைசி நாலு வார்த்தையை முணுமுணுத்துவிட்டுத்தான் ஐந்தாவது வார்த்தையை எழுதுவார். சின்ன வயதில் அதை அவருடைய பழக்கம் என்று நினைத்தேன், சிலருக்குத் தாடியைத் தடவுகிற பழக்கம் இருப்பது மாதிரி. அது அவர் விட்ட இடத்தில் நட்டுவைத்த எல்லைக் கல்.

சோஃபி லெராய் என்கிற ஆய்வாளர் 2009-இல் ஒரு விஷயத்தை நிறுவினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குப் போனால், மனசின் ஒரு பங்கு முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். சட்டியைக் கழுவாமல் அடுத்த குழம்பை வைத்தால் அடியில் ஒட்டியது மணக்கிற மாதிரி. அவரும் தெரசா குளோம்பும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் இதற்கு ஓர் எளிய வழியைச் சோதித்திருக்கிறார்கள். வேலையை விடுவதற்கு முன், எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று ஓரிரு வரி குறித்துக்கொண்டால் போதும், அடுத்த வேலையில் மனசு ஒட்டுகிறது. அப்பாவின் ரூல்தடியை அமெரிக்காவில் ஒருவர் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான். ஆனால் சந்தோஷப்பட்டார் என்று எனக்குத் தெரியும்.

'ஒரே நேரத்தில் பத்து வேலை பார்ப்பான்' என்று ஒருவரைப் பாராட்டுவது நம் ஊரில் இப்போதும் இருக்கிறது. அதற்கு மல்டிடாஸ்கிங் என்று பெயர் வேறு வைத்துக்கொண்டோம். அந்தச் சொல் 1960-களில் கணினிகளைப் பற்றிச் சொல்லப் பிறந்தது. அன்றைய கணினியும் ஒரு கணத்தில் ஒரே வேலையைத்தான் செய்தது. மாறி மாறி வெகு வேகமாகச் செய்ததால் எல்லாம் சேர்ந்து நடப்பதுபோல் தெரிந்தது. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும் முன், எந்தப் படியில் நின்றது, கையில் என்ன எண் இருந்தது என்று அத்தனையையும் எழுதி வைத்துவிட்டுத்தான் அது போகும். கணினியிடமிருந்து சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த எழுதி வைக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய ஆள் இருந்தார். நாகர்கோவில் கோட்டாறு இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குதம்பிப் பாவலர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டி, சதாவதானி என்ற பெயரோடு திரும்பியவர். சதாவதானம் என்றால் ஒரே அமர்வில் நூறு விஷயங்களில் கவனம் வைப்பது. ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் இடையிடையே மணி அடிப்பார், ஒருவர் முதுகில் பூவோ கல்லோ போடுவார். கடைசியில் மணி எத்தனை, கல் எத்தனை, பாட்டு எது என்று பிசகாமல் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அவர்மேல் பெரிய பக்தி. 'நூறு வேலை செய்தவர்' என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. அவதானி ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவுடன் அதற்குரிய இடத்தில் பத்திரப்படுத்தி வைக்கிறார். அந்தக் கேள்விக்குத் திரும்பும்போது, விட்ட சீரிலேயே வந்து இறங்குகிறார். மணி அடித்தால் வெண்பா கலைவதில்லை. நூறு குறுக்கீட்டுக்கு நடுவில் நூறு தடவை சரியான இடத்துக்குத் திரும்புவதைத்தான் அன்றைக்குக் கூடியவர்கள் பார்த்து வியந்தார்கள். அதற்கு வருஷக்கணக்கான பயிற்சி வேண்டும். மேடையில் அதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் இல்லை. அந்தப் பயிற்சி ஒன்றும் இல்லாமல், கையில் போனை வைத்துக்கொண்டு, நம்மால் முடியும் என்று நாம் நினைக்கிறோம். முடியாது. என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. என் வேலையைக் கலைக்கிறவர்கள் யார் என்று பார்க்க ஒரு வாரம் நோட்டில் கோடு போட்டேன். மற்றவர்கள் கலைத்தால் இடது பக்கம், நானே கலைத்துக்கொண்டால் வலது பக்கம். வாட்ஸ்அப்பை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவது, பழைய பத்திரம் தேடப் போய்த் தங்க விலையில் நிற்பது, யாரும் கூப்பிடாமலேயே தலையைத் தூக்கித் தெருவைப் பார்ப்பது. வாரக் கடைசியில் வலது பக்கம்தான் நிறைந்திருந்தது. குளோரியா மார்க் ஆட்களின் பின்னாலேயே இருந்து பார்த்ததிலும் ஏறக்குறைய பாதிக் குறுக்கீடு அவரவரே செய்துகொண்டது. 2004 வாக்கில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிஷம் நின்ற கவனம், சமீப வருஷங்களில் 47 நொடிக்கு வந்துவிட்டதாகவும் அவர் அளந்திருக்கிறார். வெளியிலிருந்து அடிக்கடி கலைக்கப்படுகிறவர்கள், யாரும் கலைக்காத நேரத்தில் தங்களையே கலைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள் என்றும் அவர் சொல்கிறார். அதை நான் நம்புகிறேன். கூட்டமே இல்லாத மார்கழி மாதத்தில் என் நோட்டைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

அதற்காக மனுஷர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுத இது தனியறை வேலை இல்லை. பேச்சைக் கேட்பதும் பத்திர எழுத்தரின் வேலைதான். போன வருஷம் ஒரு பாகப்பிரிவினை. எல்லாம் பேசி முடித்து எழுத உட்காரும்போது, மூலையில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஆச்சி, "அந்தக் கெணத்துல எங்க அக்காளுக்கு ஒரு பங்கு உண்டுல்லா" என்றார். ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதியானார்கள். விசாரித்தால் உண்மை, நாலில் ஒரு பங்கு. அந்த ஆச்சி இடையில் பேசியிருக்காவிட்டால் இரண்டு தலைமுறைக்கு வழக்கு நடந்திருக்கும். அது குறுக்கீடு இல்லை. நான் எந்த நிலத்தில் நின்றுகொண்டிருந்தேனோ அதே நிலத்துக்குள் வந்து பேசிய பேச்சு அது. வேறு நிலத்துக்கு இழுக்கிற பேச்சுதான் ஆபத்து.

எந்த நேரத்தைக் காப்பாற்றுவது என்று தீர்மானிக்க எனக்கு உதவியது விமானிகளின் வழக்கம். 1981-இல் அமெரிக்காவில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் கீழே, ஓட்டுகிற வேலைக்குத் தேவையில்லாத ஒரு பேச்சும் விமானி அறையில் இருக்கக்கூடாது. 1974-இல் சார்லட் நகரத்தில் இறங்கும்போது, வேறு விஷயங்கள் பேசிக்கொண்டே உயரத்தைக் கவனிக்காமல் விட்டு ஒரு விமானம் விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அது அந்த விதிக்கு ஒரு காரணம். பயணம் முழுக்க வாயைக் கட்டச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலே போனபின் பேசலாம். தப்பினால் திருத்த முடியாத அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான் விதி.

என் வேலையில் அந்தக் கொஞ்ச நேரம் சொத்து விவரம். கிரயத் தொகை, சாட்சிகள் பெயர், விலாசம் எல்லாவற்றிலும் தப்பு வந்தால் அநேகமாகப் பதிவுக்கு முன் யாராவது பார்த்துவிடுவார்கள். அவரவர் பெயர் அவரவர் கண்ணில் படும். சர்வே எண்ணும் எல்லையும் அப்படி இல்லை. ஆகவே அந்தப் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குப் போன் மேஜை டிராயருக்குள் போய்விடும். கடைக்கு உதவிக்கு வருகிற தம்பிதான் வாசலில் பதில் சொல்வான். தாய்ப்பத்திரத்தின் மேல் அப்பாவின் ரூல்தடி இருக்கும். தவிர்க்கவே முடியாமல் எழுந்தால், அடுத்து அடிக்க வேண்டிய சொல்லைப் பென்சிலால் துண்டுத்தாளில் எழுதி விசைப்பலகைமேல் வைத்துவிட்டு எழுவேன். முடிந்ததும், நிலத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரை எதிரே உட்கார வைத்து, சத்தமாக வாசித்துக் காட்டுவேன். ஆரம்பத்தில் சிலருக்கு வருத்தம். "ஒரு வார்த்தை கேட்டதுக்குக் கையக் காட்டுதா" என்று வெளியே சொன்னார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள். எல்லா நாளும் இதைக் காப்பாற்ற முடிகிறது என்று சொல்ல மாட்டேன். டோக்கன் நேரம் நெருங்கிவிட்டால், வாசலில் கார் நின்று ஹாரன் அடித்தால், இன்னும் பதறுகிறேன்.

இந்த ஆவணியில் அந்த அக்கா மறுபடி வந்தார். வீடு கட்டி முடித்துவிட்டார். வீட்டுக்கு வடக்கே வெறுமையாகக் கிடக்கும் 5 சென்டை மகளுக்கு செட்டில்மென்ட் எழுத வேண்டும் என்றார். வேறு கடைக்குப் போயிருக்கலாம், ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. முகூர்த்த நாள் கூட்டம். சொத்து விவரத்துக்கு வந்ததும் இடது கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து யாரோ என்னமோ கேட்க வாயெடுத்தார்கள். அக்கா திரும்பி, "பேசாதிய, எண்ணிக்கிட்டு இருக்காவ" என்றார்.

முடித்துவிட்டு வாசித்துக் காட்டினேன். "வாய்க்காலுக்குத் தெற்கு."

"வடக்க வாய்க்கா. சரி." ஒரு விரலை மடக்கினார்.

"பாதைக்கு மேற்கு."

"கெழக்க பாத. சரி."

"புளியந்தோப்புக்குக் கிழக்கு."

"மேக்க தோப்பு."

"எழுதிக்கொடுப்பவருக்குப் பாத்தியப்பட்ட மீதி நிலத்துக்கு வடக்கு."

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாலாவது விரலை மடக்கினார். "தெக்க நாந்தான்."